மடியில ஒரு கொழாய்

காலச் சித்தெ அக்கட்டால நகத்திக்குங்கக்கா, ரேடியாக் கொழாய் இடிச்சிரும்... கொழாய்க்கு ஒண்ணும் ஆவாதுங்க, உங்க மொழங்காலத்தான் சொன்னேன். கண்டக்டர் இதத் தூக்கி மேல கேரியர்ல போடுங்கன்னு தலபாடா அடிச்சுக்கிட்டாரு. எங்கூட்டுக்காரரு கேட்டாத்தான? மேல போட்டா அடிபட்டுப் போயிருமாம். என்ற மடிமேல போட்டா ஆருக்கும் அடிபடாதாமா? அத்தோ, முன்னால தலையத் தொங்கப் போட்டு ஒறங்கறாரே, அவருதானுங்க. பக்கத்துல கம்பியில மஞ்சப்பை ஒண்ணு ஆடுது பாருங்க, அது எங்குளுதுதான். அந்தப் பைய நெனப்புல வெச்சுக்குங்க. அப்பறம் சொல்றேன்.

ஆமாங்க, கொழாய் வாயில சாஞ்சுட்டு ஒறங்கறானே, எம்பையந்தான். ஆறாம் மாசம் நடக்குது. சட்டைங்களா? நாந்தானுங்க தெச்சேன், என்ற பழைய சீலையக் கிழிச்சு. ஊதாப்பூ நல்லா எடுப்பா இருக்குதுங்களா... அய்யோ, அந்தப் பூவப் பத்தி மட்டும் இப்பக் கேக்காதீங்க.

புதுச்சத்திரத்துக்குப் பக்கமுங்க நாங்க. ரேடியா செட்டு வெச்சிருக்கறமுங்க. கல்யாணம், காதுகுத்து, மாரியாத்தா நோம்பி, எதுன்னாலும் எங்க கொழாய்தான். தொழிலுன்னா தொழிலோட நிக்கோணுமல்லங்க? இவருக்கு அது கிறுக்கு. மத்தவீக ஊட்டு ஆம்பளைங்க வந்தா என்ன கொழம்புன்னு கேப்பாங்க. இவரு வந்ததும் கொழாயத் தொடைப்பாரு, தட்டுவாரு, அலோ அலோம்பாரு. பொறவுதான் என்னைப் பாப்பாரு. எங்கம்மா ஊட்டுல இவனப் பெத்து, அஞ்சாம் மாசம் கொண்டாந்து உட்டாங்க. வந்து பாத்தா, தொட்டில் கட்டற உத்தரத்துல கொழாய் தொங்குது. நேரா இவன் தலைக்கு. எளங்காதுங்கக்கா. வெத்தலக் கொழுந்தாட்ட இத்துனூண்டு. கொழாய வெளியில மாட்டுங்கன்னேன். பனி பட்டாக் கெட்டுப் போயிருமாம். கொழாய்க்குப் பனி ஆவாது, பையனுக்குச் சத்தம் ஆவுமாம். கேளுங்க நாயத்த.

சரி, அது கெடக்குது. அதுக்கு நாலு நாள் கழிச்சு அவரு பாட்டுப் போடறாரு, கொழாய் போர்வைக்குள்ளயிருந்து மொனகறாப்புல மொனகுது. கரண்டு கம்மின்னாரு. நம்ம பக்கந்தான் தெரியுமே, பொழுது சாஞ்சா பல்பு மொளகாப்பழமாட்டச் செவந்துருது. அதனால அவரு கண்டுக்கல. எனக்குத்தான் வேற தெகிலு. அத்தாம் பெரிய கொழாய் தலைக்கு மேல பாடுது, இவன் பாட்டுக்கு வெரலச் சூப்பிட்டுக் கெடக்கறான். ஒரு திரும்பல் இல்ல, ஒரு திடுக்கல் இல்ல. பக்கத்தூட்டுப் பாப்பாயி எட்டிப் பாத்து, ஏன் சௌந்திரம், பையனுக்குக் காது கேக்குதான்னு கேட்டுப்போட்டாளுங்க. அன்னியிலிருந்து எனக்கு ஒரு வாய்ச் சோறு எறங்கல. கை தட்டிப் பாத்தேன், திரும்பினான். அது உன்ற வளையல் மினுக்கறதப் பாத்துத் திரும்பறான்னுட்டா. பொறத்தால போய்க் கூப்புட்டேன், அப்பவும் திரும்பினான். தாய் வாசனைக்குத் திரும்புவாங்களாமா. வாயி இல்லைங்க அவளுக்கு, வாய்க்கா. ஆனாப் பாருங்க, ஒருக்கா மனசுல உழுந்துட்டாப் போவுதுங்களா? இவரு கிட்டச் சொன்னா, வந்த அன்னிக்கு என்ற பாட்டக் கேட்டுச் சிரிச்சானேங்கறாரு.

அப்பறம் அந்தக் கல்யாணம். ஒரே முகூர்த்தம், ஒரே வளவுல ரெண்டு பந்தல். ஒண்ணுல எங்க கொழாய், எதுத்த பந்தல்ல அருணகிரி கொழாய். அருணகிரின்னா எங்கூட்டுக்காரருக்குத் தண்ணி குடிச்சாலும் பொறை ஏறும், அத்தனை ஆகாது. ரெண்டு பேரும் வேப்பமரத்துல ஏறி, அவனவன் கொழாய அடுத்தவன் பந்தலுக்கு நேராத் திருப்பி வெச்சுட்டாங்க. அதுதான் அவீக மரியாதைங்க. பந்தி போட்டாச்சு, சாப்புட வாங்கன்னு இவரு மைக்குல கூப்படறாரு. நம்முளுது மொனகுது. அருணகிரியுது மணியாட்டக் கூப்படுது. எங்க பந்தல் சனமெல்லாம் எந்திரிச்சு நேராப் போயி அந்தப் பந்தல்ல எலையில உக்காந்துருச்சு. மாப்பளையோட தாய்மாமனே அங்க உக்காந்து ரெண்டாந்தரம் ரசம் வாங்கிட்டு இருந்தாருன்னா பாத்துக்குங்க. பொண்ணோட அப்பன் இவருகிட்ட வந்து மிஞ்சுன அண்டாச் சோத்தக் காட்டினாரு. அவ்வளவுதான். மாரியாத்தா நோம்பிக்கு இனி அருணகிரி செட்டுத்தான்னு ஊரே பேசுது. தாரமங்கலத்துல எங்க மாமன் ஊட்டுக் காதுகுத்துக்குக் கூட அவனையே கூப்புட்டாங்க. இவரு ரெண்டு நாளா கொழாயப் பொறத்தால கழட்டறாரு, சத்தம் போடற யூனிட்ட மாத்தறாரு, வயர மாத்தறாரு. முன்னால வாய்க்குள்ள ஒருக்காப் பாத்திருந்தா... ம்ம். பாக்குலியே.

கொழாய் செஞ்ச பேக்டரியிலயே போயிக் கேக்கறேன்னு இன்னிக்குக் கெளம்பினாரு. நானும் வாரேன்னேன். அவரு கொழாயக் காட்ட, நான் சேலத்துல காது டாக்டருகிட்ட இவனக் காட்ட. சேலம் எல்லையில இருக்குதுங்க அந்த பேக்டரி. சண்டை போடப் போறவரு, வாசல்ல செருப்பக் கழட்டறாரு. ஏனுங்கன்னு பாத்தா, முன் ரூம்புல மொதலாளி பழைய கொழாயெல்லாம் வெச்சுக் கவுறு கட்டி வெச்சிருக்கறாரு. கப்பல்ல கட்டுனதாம் ஒண்ணு, டெண்டுக் கொட்டாயில வெச்சதாம் ஒண்ணு, ஊமத்தம்பூவாட்டப் பித்தளையில ஒண்ணு. எல்லாம் இங்கிலீசுல எழுதிப் போட்டிருக்குது. நான் கன்னியாஸ்திரீங்க பள்ளிக்கூடத்துல படிச்சவ, எழுத்துக் கூட்டிப் படிச்சுக் காட்டறேன். இவரு நான் படிக்கறதுக்கு முந்தியே எந்த வருசம், எந்த ஊருன்னு சொல்லிப்போடறாரு. பொண்டாட்டி பொறந்த நாளு கேளுங்க, முழிப்பாரு. கரண்டே இல்லாத ஒரு பொட்டியில காத வெச்சுத் தலைய ஆட்டறாருங்கக்கா. சண்டை மறந்தே போச்சு. நான் முழங்கையில ஒரு இடி இடிச்சப் பொறவுதான் மொதலாளியத் தேடினாரு.

உள்ள ஒரு ரூம்புல வெச்சுப் பாத்தாங்க. சுவரெல்லாம் மெத்தை தெச்சு வெச்சிருக்குதுங்க. இப்பிடி ஒரு ரூம்பு ஊட்டுல இருந்தா, இவரு ஒரு பக்கம், நாங்க ஒரு பக்கமுன்னு நிம்மதியா இருக்கலாமேன்னு நெனச்சேன். போட்டாங்க. மொனகுச்சு. மொதலாளி வாய்க்குள்ள டார்ச்சு அடிச்சாரு, கொக்கி போட்ட கம்பி ஒண்ண உட்டு ஒரு இழு இழுத்தாரு... பொலுக்குன்னு வெளிய வந்துச்சு. துணி. ஊதாப்பூப் போட்ட துணி.

உங்குளுக்கு இப்பப் புரியுதுங்களா? சிரிக்காதீங்கக்கா. வந்த அன்னிக்கு நாந்தானுங்க ரெண்டு துண்டு அடைச்சு வெச்சேன். எளங்காது, சித்தெ அடக்கமாக் கேக்கட்டுமேன்னு. கல்யாணத்துக்குக் கொழாயத் தூக்கறப்ப மறக்காம எடுத்தேன். ஒண்ண எடுத்திருக்கறேன். இன்னொண்ணு உள்ள போனதே தெரியல. எடுத்தாச்சுன்னு நெனச்சுட்டு, இத்தன நாளா நான் பையன் காதுக்கு அழுகறேன், அவரு கொழாய்க்கு அழுகறாரு.

துணி வந்ததும் கொழாய் கத்துச்சு பாருங்க. சுவரு மெத்தையெல்லாம் பத்தல. இவன் தூக்கி வாரிப் போட்டு வீறிட்டான். அந்த மாதிரி ஒரு அழுகைய நான் கேட்டதேயில்ல. எம்புள்ளைக்குக் காது கேக்குது, காது கேக்குதுன்னு நானும் கூட அழுகறேன். இவரு என்னைப் பாத்து, நம்ம மானம் போனதுக்குத்தான் பொண்டாட்டி அழுகறான்னு நெனச்சுப்போட்டாரு. வந்துருச்சு வீரம். ஏனுங்க, செய்யறப்பவே துணிய உள்ள உட்டு அனுப்பியிருக்கறீங்களேன்னு குதிக்கறாரு. வாங்கி ரெண்டு வருசமாக் கத்திட்டிருந்த கொழாய் அது. எங்கியோ மேல ஒட்டியிருந்து இப்ப எறங்கியிருக்குதாம். மொதலாளி வாயத் தொறந்தாரு. இவன் சட்டையப் பாத்தாரு. கையில இருக்கற துணியப் பாத்தாரு. அப்பறம் என்னைப் பாத்தாரு. நான் பூமியப் பாத்தேன். ஆமாங்க, எங்க தப்புத்தான்னுட்டாரு அந்த மனுசன். நல்லாருக்கோணும். ஆனா அதோட உட்டாரா? பழசக் குடுத்துட்டு இதக் கொண்டு போங்கன்னு, அதவிட ரெண்டு மடங்கு பெருசாக் குடுத்துட்டாரு. இன்னிக்குச் சாயங்காலமே தொட்டிலுக்கு மேல மாட்டறாராமா. இதுக்கு நான் கட்டியிருக்கற சீலை முழுசும் பத்தாதுங்க.

டாக்டருகிட்டப் போவுலீங்க. எதுக்குப் போறது.

இப்ப என்ன ரோதனைன்னா, அந்தப் பை. துணிய அதுக்குள்ளதான் வெச்சிருக்கறாரு. சாட்சியாமா. நாளைக்கு டீக்கடையில அருணகிரி மூஞ்சிக்கு நேரா விரிச்சுக் காட்டி, தப்பு பேக்டரியுதுன்னு சொல்லப் போறாராமா. ஆம்பளைங்களுக்கு ஒண்ணும் தெரியாது, சரி. பாப்பாயி பாக்க மாட்டாளா? எங்க மாமியா பாக்க மாட்டாங்களா? தலைப்பொங்கலுக்கு எங்கம்மா எடுத்த சீலைங்க அது. என்ன பூவு இது, ஊமத்தையான்னு தெருவே சிரிச்ச சீலை. நோம்பி செட்டு இவரால போச்சுன்னுதான் ஊருல பேச்சு. பொண்டாட்டியால போச்சுன்னு ஆச்சுன்னா, இவரு எப்பிடித் தல நிமுந்து மரமேறுவாரு? நானே போயி எடுத்துப்போடுவேன், மடியில இத்தாம் பெருசு, அதுக்குள்ள இவன். எந்திரிக்க முடியுதுங்களா?

நான் உங்களை எதுவும் செய்யச் சொல்லுலீங்க. சும்மாப் பேச்சுக்கு. துணி பைக்கு வெளிய நுனி நீட்டிட்டுத்தான் இருக்குது, அதத்தான் சொன்னேன். அவரு ஒறங்கினா இடி உழுந்தாலும் தெரியாது, அதையும் சும்மாத்தான் சொன்னேன்.

ஆண்டகளூர் கேட்டு ஸ்டாப்புங்களா? எறங்கறீங்களா? அட, சொல்லவே இல்லீங்களே. பாத்துப் போங்க, படி ஒசரம்... ஏனுங்கக்கா, அந்தப் பக்கம் எதுக்குப் போறீங்க, பொறத்தால படி இருக்குதே... அக்கா... அவரு முழிச்சுக்குவாரு... அய்யோ சாமி...

எறங்கிட்டாங்க.

சாமி, கண்ணு, முழிச்சிட்டியா? ஜன்னல்ல பாரு, அந்த அக்கா நம்ம ஊதாப்பூவுல மொகந் தொடைச்சுட்டுப் போறாங்க. அங்க பாரு, அப்பன் கொறட்டை உடறாரு. உனக்குத்தான் நல்லாக் காது கேக்குதே. ஆனா நீயும் ஒண்ணும் கேக்கல, ஆமா.