ஒத்திகை ஓட்டம்

தேநீரில் சர்க்கரை சரியாக இருக்கிறது, ஐயா. கிசுமு போலீஸ் நிலையத்துத் தேநீரைப் பற்றி நான் கேள்விப்பட்டதெல்லாம் பொய்.

மருத்துவமனைக் கணினிகள் அத்தனைக்கும் ஒரே இடத்திலிருந்து வேலை சொல்ல எங்களிடம் ஒரு கருவி உண்டு. ஒவ்வொரு வேலைக்கும் ஒரு சிறு நிரல், மாட்யூல் என்போம். அவற்றை எழுதியவன் நான். பிழை பார்க்க வந்தவள் அபோண்டி. கெட்டிக்காரி, மறுக்கவில்லை. வாயைத்தான் அடக்கத் தெரியாது.

ஒருநாள் மதியச் சாப்பாட்டில், மேலாளர் ஒகுட்டு இருக்கும்போதே, தட்டிலிருந்த பொடிமீனைக் காட்டினாள். "ஒண்டியெக் அண்ணே, உங்க மாட்யூலும் இந்த ஒமேனாவும் ஒண்ணுதான். எங்க தொட்டாலும் நம்மளையே முறைக்குது."

"பேசாம அவன் சீட்டுல நீயே உக்காந்துடும்மா," என்றார் ஒகுட்டு. எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அன்றிரவே மாட்யூலைத் திறந்து உட்கார்ந்தேன்.

அபோண்டி எதையும் முதலில் ஒத்திகையாக ஓட்டுவாள். ஒத்திகையில் எதுவும் மாறாது. என்ன மாறும் என்று மட்டும் தெரியும். ஆனால் மாற்றாமல் இருப்பது அந்தந்த மாட்யூலின் நாணயத்தைப் பொறுத்தது; கருவி தடுக்காது. பச்சிளங்குழந்தைகள் வார்டின் ஆக்சிஜன் அலாரத்துக்கான மாட்யூலிலிருந்து அந்த நாணயத்தை எடுத்துவிட்டேன். ஒத்திகையிலேயே அலாரத்தை நிறுத்திவிட்டு, மாற்றம் இல்லை என்று சொல்லும்படி எழுதினேன். பிழை இருக்கிறது, பார் என்று அவளிடம் கொடுத்தேன்.

"ஒத்திகை ஓட்டிப் பாத்துட்டுச் சொல்றேண்ணே."

எங்கள் ஊரில் மின்சாரம் போகாத மதியம் ஏது? போனது. ஆக்சிஜன் இயந்திரம் நின்று அழுத்தம் இறங்கியது. அலாரம் ஒலித்தால்தான் நர்ஸ் சிலிண்டரை மாற்றுவார். ஒலிக்கவில்லை. ஒரு குழந்தை போய்விட்டது.

நிறுத்திய கட்டளை அபோண்டி பெயரில் இருந்தது. "ஒத்திகைதானே ஓட்டினேன்" என்று அழுதாள். நீங்களும் நம்பவில்லை, அடைத்து வைத்தீர்கள். உள்ளே இருந்தபடியே என் மாட்யூலை அச்சிட்டு வாங்கி, வரிவரியாகப் படித்துக் கண்டுபிடித்துவிட்டாளாம். சொன்னேனே, கெட்டிக்காரி.

எழுதிக்கொள்ளுங்கள், செய்தது நான்தான். கவனக்குறைவு என்று மட்டும் எழுதாதீர்கள். சோதிக்காமல் எதையும் கைமாற்றுபவன் இல்லை நான். அவளிடம் கொடுப்பதற்கு முந்தைய வாரம் நானே ஒருமுறை ஓட்டிப் பார்த்தேன். அன்றும் ஒரு குழந்தை இறந்தது. ஏன் என்று யாரும் கேட்கவில்லை. மாட்யூலில் பிழை இல்லை என்று அப்போதுதான் எனக்கு உறுதியானது.