அறுபத்தாறாம் எண் பொதி

என் பெயரும் தகப்பன் பெயரும் மேலே எழுதப்பட்டிருக்கின்றன. மில்லில் அந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால் யாருக்கும் தெரியாது, பிரஸ் மேஸ்திரி என்றால்தான் கை காட்டுவார்கள். வயது நாற்பத்தெட்டு. குடியிருப்பது மில்லின் பின் கேட்டுக்கு எதிர்ச்சந்தில் மூன்றாவது வீட்டு மாடி. பதினெட்டு வருடமாக இந்தப் பருத்தி அரவை மில்லில் இருக்கிறேன். கொட்டை நீக்கி வரும் பஞ்சைப் பொதியாக அழுத்திக் கட்டும் பிரஸ் என் பொறுப்பு. குடோன் தீ சம்பந்தமாக ஏற்கெனவே ஒரு வாக்குமூலம் கொடுத்திருக்கிறேன். அதில் ஒரு வரிகூடப் பொய் கிடையாது. அன்று சொல்லாமல் விட்டதைச் சொல்லத்தான் இன்று யாரும் கூப்பிடாமல் வந்திருக்கிறேன்.

எங்கள் மில்லுக்கு இரண்டு வகைப் பருத்தி வரும். குட்டை இழை உள்ளூர் நூல் மில்களுக்குப் போகும், நீள இழை கப்பலில் வெளிநாட்டுக்குப் போகும். இரண்டையும் கலந்து அனுப்ப முடியாது. வாங்குகிறவரின் ஆள் ஒரு சிட்டிகை பஞ்சை இரண்டு கட்டைவிரலுக்கு நடுவில் இழுத்துப் பார்த்தே கண்டுபிடித்து மொத்தத்தையும் திருப்பிவிடுவார். இந்த முறை நீள இழையில் நூறு பொதி கேட்டிருந்தார்கள். வந்திருந்த பருத்தி மிஞ்சிப்போனால் நூற்றிரண்டு பொதிக்குத் தேறும் என்று எனக்கு முதல் நாளே தெரியும். ஆகுமா ஆகாதா என்று மட்டும்தான் முதலாளி கேட்டார். "நான் இருக்கேன்ல, நூறும் கட்டிக் குடுத்துடறேன்" என்று வாயைக் கொடுத்தது நான்.

அதன் பிறகு செவ்வாய்க்கிழமை காலை பதினொன்றரை மணி வாக்கில் கொட்டை நீக்கும் மூன்றாவது மெஷினில் 'டங்' என்று சத்தம் கேட்டது. பருத்தியோடு ஓர் இரும்புத் துண்டு உள்ளே போய் பிளேடில் அடித்திருந்தது. மெஷின்காரர் அப்போது முதுகைக் காட்டிக்கொண்டு நின்றதால் பொறி பறந்ததை அவர் பார்க்கவில்லை, நான் பார்த்தேன். அவர் துண்டை எடுத்து வீசிவிட்டு மெஷினை மறுபடி ஓட்டினார். கொஞ்ச நேரத்தில் காற்றுக்குழாய் வழியாகப் பஞ்சு என் பிரஸுக்கு வந்தது. இஸ்திரிப் பெட்டி துணியைச் சுட்டுவிட்டால் வருமே, அந்த வாசனை லேசாக வந்தது.

அதிகாரி கேட்டதன் பேரில் இதைச் சொல்கிறேன். பொறி விழுந்த பஞ்சைப் பொதிக்குள் அழுத்திவிட்டால் அது அணையவும் அணையாது, உடனே பற்றி எரியவும் எரியாது. உள்ளேயே நாள்கணக்கில் கனன்றுகொண்டிருக்கும். வெளியே கை வைத்தால் சில்லென்று இருக்கும். அதனால் பொறியைக் கண்டாலோ வாசனை வந்தாலோ அந்த நேரத்தில் கட்டிய பொதிகளை மற்றவற்றோடு சேர்க்காமல் வெட்டவெளியில் தள்ளித் தள்ளிப் போட்டுப் பல நாள் பார்க்க வேண்டும். பிரஸில் கை வைக்கிற எவனுக்கும் முதல் வாரமே சொல்லித்தருகிற விஷயம் இது. அன்று அப்படி ஒதுக்க வேண்டியவை அறுபத்தொன்று முதல் அறுபத்தெட்டு வரையிலான எட்டுப் பொதிகள். ஒதுக்கினால் தொண்ணூற்றுநாலுதான் நிற்கும்.

போன சீசனில் இதே மாதிரி வாசனைக்கு ஆறு பொதியை ஒதுக்கினேன். பத்து நாள் வெயிலில் கிடந்தன, ஒன்றும் ஆகவில்லை. லாரி சரக்கு இல்லாமல் திரும்பிப் போனது. "உங்க மூக்குக்குத் தனியா இன்ஷூரன்ஸ் போடணும் மேஸ்திரி" என்று முதலாளி எல்லார் முன்னாலும் சொன்னார். அன்றிலிருந்து நான் பக்கத்தில் போனாலே லோடுமேன்கள் மூக்கை உறிஞ்சிக் காட்டுவார்கள். அதில் முதல் ஆள், உயரத்துக்காக எல்லாரும் ஒட்டகம் என்று கூப்பிடுகிற லோடுமேன். தீயில் இறந்தவர் அவர்தான். மனசில் கள்ளம் வைத்துக் கிண்டல் செய்கிற ஆள் இல்லை. அந்தச் செவ்வாய்க்கிழமை எனக்குத் தீயைப் பற்றிப் பயம் வரவில்லை. மறுபடியும் சிரிப்பார்களே என்றுதான் பயம் வந்தது. சொல்லவே நாக்கூசுகிறது. எட்டுப் பொதியையும் தெரிந்தே மற்றவற்றோடு குடோனுக்கு அனுப்பினேன், மேற்குச் சுவரோரம் அடுக்கினார்கள்.

அதன் பிறகு வெள்ளிக்கிழமை வரை ஒன்றும் நடக்கவில்லை. வெள்ளி மதியம் இரண்டரை மணிக்கு, கண்டெய்னர் வர ஒரு மணி நேரம் இருக்கும்போது, "புகை, புகை" என்று யாரோ கத்தினார்கள். எந்தப் பக்கம் என்று சொல்லவில்லை. நான் நேராகக் குடோனின் மேற்குச் சுவரோரம் இருந்த அடுக்குக்கு ஓடினேன். ஏன் அங்கே ஓடினேன் என்று இன்றுவரை ஒருவரும் என்னைக் கேட்கவில்லை. நான் ஓடியதைப் பார்த்துத்தான் ஒட்டகம் பின்னால் வந்தார். இரண்டு பேருமாகக் கொக்கி போட்டு அறுபத்தாறாம் பொதியை வெளியே இழுத்துப் போட்டோம். எனக்கு மூச்சு முட்டியது, வாசலிலேயே நின்றுவிட்டேன். "நீங்க நில்லுங்க மேஸ்திரி, நான் பாத்துக்கறேன்" என்று அவர் மறுபடி உள்ளே போனார். உள்ளுக்குள் எரிகிற பொதியில் கொக்கி போடாதே என்று நான் கத்தியிருக்க வேண்டும். கத்தினால், உள்ளே எரிவது உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பார்களே என்று அந்த நேரத்திலும் யோசித்தேன். அவர் இழுத்த இழுப்பில் கட்டுக்கம்பி அறுந்து பொதி விரிந்தது, காற்றுப் பட்டதும் குப்பென்று பிடித்துக்கொண்டது. அடுக்கு அவர் மேல் சரிந்தது.

அதன் பிறகு சாயங்காலம் விசாரணைக்கு வந்த அதிகாரி, இங்கே பீடி சிகரெட் பிடிக்கிறவர்கள் யாராவது உண்டா என்று கேட்டார். "குடோன் வாட்ச்மேன் பீடி குடிப்பாரு சார்" என்றேன். கேட்டதற்குப் பதில் சொன்னேன், அவ்வளவுதானே என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அந்த வாட்ச்மேன் என் தங்கையின் கணவர். அவரை வேலைக்குச் சேர்த்துவிட்டதும் நான்தான். அன்றைக்கே அவரைக் கூட்டிப் போய்விட்டார்கள்.

மறுநாள் காலை, வெளியே கிடந்த அறுபத்தாறாம் பொதியை, நனைந்த சரக்கு காயட்டும் என்று சொல்லி, இரண்டு லோடுமேன்களை வைத்து டிராலியில் பருத்திக்கொட்டை ஷெட்டுக்குப் பின்னால் கொண்டுபோனேன். அவர்கள் போன பிறகு கத்தியால் கிழித்துப் பார்த்தேன். சுற்றிலும் ஒரு சாண் ஆழத்துக்கு வெள்ளைப் பஞ்சு, அதற்கு உள்ளே கை நுழைகிற அளவுக்குக் கரி. பீடி நெருப்பு என்றால் வெளியிலிருந்துதான் உள்ளே போயிருக்கும். தார்ப்பாயைப் போட்டு மூடிவிட்டு வந்து டீ குடித்தேன். பொதி இன்னும் அங்கேதான் இருக்கிறது. மேலே மையால் எழுதிய எண் அழியவில்லை.

அதன் பிறகு பதினொரு நாள் போயிற்று. மாப்பிள்ளைக்கு வக்கீல் வைத்தேன், மாற்றுத் துணி கொண்டுபோய்க் கொடுத்தேன். "எங்க அண்ணன் மட்டும் இல்லன்னா நாங்க நடுத்தெருவுலதான்" என்று தங்கை பக்கத்து வீட்டில் சொன்னது என் காதில் விழுந்தது. அதற்குப் பிறகு அவள் வீட்டில் நான் சாப்பிடவில்லை.

நேற்று ஜெயிலுக்குப் போனேன். பீடி விஷயத்தை நான்தான் சொன்னேன் என்று அவருக்குத் தெரியும், சட்டையைப் பிடிப்பார் என்று நினைத்தேன். அவர் சொன்னது இது. "உள்ளத சொன்னீங்க மச்சான், உங்க மேல தப்பு இல்ல. அன்னிக்குக் குடிச்ச பீடிய மிதிச்சேனா இல்லையான்னு யோசிச்சு யோசிச்சு மண்டை வெடிக்குது. நான்தான் பண்ணியிருக்கேன். ஒட்டகம் பொண்டாட்டி மூஞ்சில எப்படி முழிப்பேன்? நாளன்னிக்கு கோர்ட்டுல ஒத்துக்கப்போறேன்." சொல்லிவிட்டுச் சின்னப்பிள்ளை மாதிரி அழுதார். "அப்படியெல்லாம் பேசாதீங்க மாப்ளே" என்று நான் துண்டை நீட்டினேன், கண்ணைத் துடைத்துக்கொள்ள. என்னை மாதிரி ஒரு ஈனப்பிறவி இருக்க முடியாது. இதையும் எழுதிக்கொள்ளச் சொன்னேன்.

அதன் பிறகு இன்று காலை தங்கையிடம் எல்லாவற்றையும் சொன்னேன். நாளைக்குக் கோர்ட்டுக்கு அவர் போட்டுக்கொள்ள வேண்டிய சட்டையை மடித்துக்கொண்டிருந்தாள். சட்டையைக் கீழே வைத்தாள்.

"அந்தப் பொதி எங்க இருக்கு?"

"கொட்டை ஷெட்டுக்குப் பின்னால."

"அப்ப கெளம்பு."

வழி நெடுக எனக்கு இரண்டடி பின்னாலேயே நடந்து வந்தாள். எனக்குத் துணையாக வரவில்லை. நான் பாதி வழியில் திரும்பிவிடக் கூடாது என்று வந்தாள். இப்போது வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள்.

மேலே உள்ளதை அதிகாரி எனக்கு இரண்டு தடவை படித்துக் காட்டினார். எட்டுப் பொதிகளையும் "கவனக்குறைவாக" குடோனுக்கு அனுப்பினேன் என்று ஓரிடத்தில் எழுதியிருந்தார். அப்படியே இருந்தால் தண்டனை குறையும் என்று நல்ல மனசோடுதான் சொன்னார். அந்த வார்த்தையை அடித்துவிட்டு "தெரிந்தே" என்று எழுதச் சொன்னேன். எழுதினார். அடித்த இடத்துக்குப் பக்கத்திலும் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். என்னை யாரும் மிரட்டவில்லை, யாரும் எதற்கும் ஆசை காட்டவில்லை. மற்றதெல்லாம் நான் சொன்னது சொன்னபடியே இருக்கிறது.

(ஒப்பம்)
பிரஸ் மேஸ்திரி