நன்றிப் பக்கம்

தேநீரில் சர்க்கரை கொஞ்சம் கூடுதல், இன்ஸ்பெக்டர் ஐயா. மற்றபடி நாற்காலி வசதியாகவே இருக்கிறது. கேளுங்கள், ஒளிக்காமல் சொல்கிறேன்.

ஐயம்பெருமாள் அண்ணாச்சி வளைகுடாவுக்கு ஆள் அனுப்புகிறவர். டவுணில் அலுவலகம். போன வருஷம், தொண்ணூற்றெட்டில், அவருக்கு ஒரு வலைத்தளம் செய்துகொடுத்தேன். பைத்தான் என்ற கணினி மொழியில் முழுக்க நானே எழுதியது. எந்த முகவரியைத் தட்டினால் எந்தப் பக்கம் வர வேண்டும் என்று வரி வரியாகச் சொல்லிவைக்க வேண்டும். கணினி மேலிருந்து படிக்கும். முதலில் பொருந்துகிற வரியோடு நின்றுவிடும். வேலை கேட்டால் வேலைப் பக்கம். புகார் எழுதினால் அண்ணாச்சியின் பார்வைக்கு.

அங்கேதான் தொல்லை. புகாரைப் படித்ததும் அண்ணாச்சி போனை எடுத்துவிடுவார். புகார் எழுதிய இரண்டு பேரை ஊருக்கே வரவழைத்துவிட்டார். ஒருநாள் எல்லோர் முன்னாலும் சிரித்தார். "ஏலே கணேஷ்ராம், ஒன் பொட்டியில ஒப்பாரி தவிர வேற ஒண்ணும் வராதா லே?"

நான் கோபக்காரன் அல்ல. புகார் வரிக்கு மேலே இன்னொரு வரி சேர்த்தேன், அவ்வளவுதான். அதன்பின் புகார் எழுதியவருக்கு அழகான பக்கம் ஒன்று வந்தது: 'நன்றி. தங்கள் குறை கவனிக்கப்படுகிறது.' எழுதியது அண்ணாச்சிக்குப் போகாமல் என்னிடம் தங்கிவிடும். நான் கவனித்தேன், ஆகவே அது பொய்யும் அல்ல.

மேலப்பாளையத்து அசன் முகம்மதுவுக்கு வளைகுடாவில், அண்ணாச்சி அனுப்பிய இடத்தில், ரசாயனக் கிடங்கு வேலை. மூன்று முறை எழுதினார். ஆங்கில எழுத்தில் தமிழ். படிக்கக் கண் வலித்தது. முதலில் கிடங்கில் மூச்சு முட்டுகிறது என்றார். பிறகு, முதலாளி பாஸ்போர்ட்டைப் பிடுங்கிவைத்திருக்கிறான், ஊருக்குக் கூட்டிக்கொள்ளுங்கள் என்றார். கடைசியில், இருமினால் ரத்தம் வருகிறது என்றார். 'அண்ணாச்சி கவனிக்கிறது தெம்பா இருக்கு' என்றும் சேர்த்திருந்தார். என் பக்கம் நன்றாக வேலை செய்தது என்பதற்கு வேறென்ன சான்று வேண்டும்?

அவர் மனைவி ஹமீது பீவி அலுவலகத்துக்கு வந்தபோது அண்ணாச்சி குலசேகரன்பட்டினம் தசராவுக்குப் போயிருந்தார்.

"தம்பி, அவுக எழுதுனது வந்துச்சாப்பா? கலெக்டராபீசுல போயிச் சொல்லவா?"

"எல்லாம் பாத்துக்கிட்டுதாம்மா இருக்கோம். எங்கனயும் அலையாதீங்க. பைய வந்துருவாரு."

"அல்லா ஒங்களுக்கு நல்லது செய்யணும்" என்று சொல்லிவிட்டுப் போனார். எங்கேயும் அலையவில்லை.

மறுவாரம் அசனின் மரணச் செய்தி வந்தது. அண்ணாச்சி சுவரில் சாய்ந்துவிட்டார். "ஒரு வார்த்த எழுதலியே லே, அவன்" என்றார். ஆமாம் என்றேன். அசனோடு தங்கியிருந்தவர் ஊர் திரும்பி, மூன்று முறையும் தட்டெழுதிக் கொடுத்தது தான்தான் என்று பீவியிடம் சொல்லிவிட்டார். பீவி அதை அண்ணாச்சியிடமே கேட்டுவிட்டார். அதனால்தான் நான் இங்கே.

ஆம், அவர் சாகப்போகிறார் என்று தெரிந்தே வழியை அடைத்தேன். அதற்கு அண்ணாச்சியோ வேறு எவரோ பொறுப்பல்ல. எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் துக்கம் விசாரிக்க அலுவலகத்திலிருந்து முதலில் போனவனும் நான்தான். பீவியின் வாப்பா என்னைக் கட்டிக்கொண்டு அழுதார். அந்தக் குடும்பத்துக்கு அவ்வளவு வேண்டியவனை நீங்கள் எப்படிக் குற்றவாளி என்று எழுதுவீர்கள்?