ரெண்டாவது குரல்

— அந்த போன் பதிவை மறுபடியும் போடு. எனக்குத் தலையே சுத்துது.

— எத்தனை தடவை போட்டாலும் அதேதான் வரும், தாயே. மன்னிப்பு கேக்கறது முதல் குரல். பேசாம மார்க் ஷீட்டுல ஒண்ணுன்னு போடு.

— ரெண்டு.

— ஒண்ணு!

— இங்க பாரு சதவீதம், நீ புள்ளியியல்ல புலியா இரு. மொழியியல் படிக்கிறவ நான். யாரு யார்கிட்ட மன்னிப்பு கேக்கறாங்கன்னு எனக்கா தெரியாது?

— லாஜிக்கா பாரு. இந்த ஒரு பதிவுல நம்ம ரெண்டு பேர் மார்க்கும் ஒத்துப் போனா சார் கேட்ட அளவைத் தொட்டுடுவோம். இல்லேன்னா நாளைக்குக் கருத்தரங்குல மத்தவங்க எல்லாரும் மேடை ஏறுவாங்க, நாம கீழே உக்காந்து கைதட்டலாம்.

— அதான் எனக்குப் புரியவே மாட்டேங்குது. உங்க சார், ஒருத்தர் போட்டதை ஒருத்தர் பாக்காம தனித்தனியா மார்க் போடணும்ங்கறார். எங்க மேடம், உக்காந்து பேசித் தீத்துக்கோங்கன்றாங்க. ரெண்டு பேரும் சேந்து ஒரே ஆராய்ச்சியத்தான் நடத்தறாங்களா?

— போன வாரம் அவங்க ரெண்டு பேருமே அதைத்தான் ஒருத்தரை ஒருத்தர் கேட்டுக்கிட்டிருந்தாங்க.

— சிரிக்காதே. எனக்கு அழுகை வருது. நாளைக்குப் பேசி முடிச்ச கையோட நான் வீட்டுக்கு பஸ் ஏறணும், இன்னும் துணி கூட எடுத்து வைக்கல. நீ எப்பக் கிளம்பற?

— நான் போகல. ஹாஸ்டல்லயே இருக்கேன்.

— போன லீவுக்கும் போகலயே நீ?

— அதை விடு. பதிவைக் கேளு.

— கேட்டாச்சு, மனப்பாடமே ஆயிடுச்சு. ஆள் தெரியக் கூடாதுன்னு குரலையெல்லாம் தகர டப்பாக்குள்ள பேசற மாதிரி நீ மாத்தி வெச்சிருக்கே, ஆம்பளையா பொம்பளையான்னு கூடத் தெரியல. முதல் குரல் சாப்பிட்டியாங்குது. ரெண்டாவது குரல் "ம்"ங்குது. அப்புறம் ரொம்ப நேரம் ரெண்டும் பேசல. அப்புறம் ரெண்டாவது குரல், "கடை ஷட்டரை யாரு தூக்கறா, முட்டி வலியோட நீங்களேவா?"ன்னு கேக்குது. முதல் குரல், "பாதி தூக்கிட்டு குனிஞ்சு உள்ள போயிடறேன்"ங்குது. அப்புறம் "ரூம்ல இருக்கற பெயின்ட் டப்பாவை எல்லாம் நாளைக்கு எடுத்துடறேன்"ங்குது. அவ்வளவுதான், போனை வெச்சுடறாங்க.

— ஆங்! அந்த டப்பாதான். அதான் மன்னிப்பு.

— டப்பாவை எடுக்கறது எப்படிப்பா மன்னிப்பு ஆகும்? ஷட்டர் கேள்விதான் மன்னிப்பு. தினமும் தூக்கிக் குடுத்த கை இப்ப அங்க இல்ல. அது உறுத்துது, அதான் கேக்குது.

— சும்மா விசாரிக்கறான், தாயே! அவன் எதுக்கு மன்னிப்பு கேக்கணும்? அவன் என்ன தப்பு பண்ணான்? கடையை விட்டுட்டுப் படிக்கணும்னு சொன்னது தப்பா? வீம்புக்குன்னே அவன் கட்டில் மேல டப்பாவை அடுக்கி, இனிமே இங்க உனக்கு இடமில்லைன்னு காட்டினவரு, இப்ப அவரே எடுத்துடறேங்கறார். லாஜிக்கா பாத்தா...

— இரு.

— என்ன?

— கட்டில் எங்கேருந்து வந்துச்சு? படிப்பு எங்கேருந்து வந்துச்சு? பதிவுல இதெல்லாம் இல்லையே.

— ஊகம்தான்.

— வீம்புக்கு அடுக்கினார்ங்கறதும் ஊகமா? சதவீதம். யாரு அது?

— எங்க அப்பா. ரெண்டாவது குரல் நான்.

— ஐயோ சாமி. தெரிஞ்சவங்க பதிவுக்கு மார்க் போடக் கூடாதுன்னு முதல் நாளே தலைபாடா அடிச்சுக்கிட்டாங்களே! அவர்கிட்ட சம்மதமாவது வாங்கினியா?

— அந்த போனுக்கு அப்புறம் அவர்கிட்ட பேசினாத்தானே வாங்க முடியும்!

— கோவமா சிரிப்பான்னே தெரியல எனக்கு. எதுக்குப்பா இந்த வேலை?

— எனக்குப் புரியல, அதான். மாசக் கணக்கா அதையே போட்டுக் கேட்டுட்டிருக்கேன். ஒரு நாள் மன்னிப்பு கேட்ட மாதிரி இருக்கு, மறுநாள் வெறும் டப்பா விஷயமாத் தெரியுது. அது நான்னு தெரியாம, அவரு யாருன்னும் தெரியாம ஒருத்தர் கேட்டுச் சொன்னா நம்பலாம்னு நினைச்சேன். நீ ஒண்ணுன்னு போட்டிருந்தா நாளைக்கே வீட்டுக்குக் கிளம்பியிருப்பேன்.

— போடாட்டி?

— அவரு முதல்ல இறங்கி வராம நான் போறதா இல்ல. வீட்டை விட்டுக் கிளம்பின அன்னிக்கே முடிவு பண்ணிட்டேன்.

— சரி, ஒண்ணுன்னே போட்டுடறேன். நம்ம கணக்கும் ஒத்துப் போகும், நீயும் ஊருக்குப் போ.

— வேணாம்! எனக்காக மாத்தினா அப்புறம் எதை நம்பறது? இந்தப் பதிவையே தூக்கிடலாம், சார்கிட்ட நானே சொல்லிக்கறேன். மேடை போனா போகுது. ஆனா உண்மையா சொல்லு, உனக்கு என்ன கேட்டுச்சு?

— நிஜமா சொல்லட்டுமா?

— ம்.

— அந்த டப்பா பேச்சு மன்னிப்பு இல்லப்பா. பதில். அதுக்கு முன்னாடி அவரு வெறுமனே சாப்பிட்டியான்னு மட்டும்தான் கேக்கறார், அப்புறம் வாயே திறக்கல. ஷட்டர்னு நீ கேட்டதுக்கு அப்புறம்தான் உன் ரூமை ஒழிச்சுத் தர்றேங்கறார். நீ கேட்ட மன்னிப்பை ஏத்துக்கிட்டு, "வா"ன்னு சொல்றார்.

— இரு, இரு. எனக்குக் குழப்பமா இருக்கு.

— குழம்ப ஒண்ணுமே இல்ல. அவரு உன் கட்டிலைத் துடைச்சு வெச்சுட்டு உக்காந்திருப்பார், இவன் மன்னிப்பெல்லாம் கேட்டானே, அப்புறமும் ஏன் வரமாட்டேங்கறான்னு.

— அப்போ முதல்ல இறங்கி வந்தது நானா? அவரு "வா"ன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே!