‘ஆர்வமில்லாத’ பிள்ளையின் காலைப்பொழுது

எனக்கு முன் பேசிய அத்தனை பேரின் சொல்மழையிலும் நனைந்து, சற்றும் சாயாமல் அமர்ந்திருக்கும் அவைத்தலைவர் அம்மையார் அவர்களே! முன்வரிசைக்கு மாண்பு சேர்க்கும் மூத்த பெருமக்களே! மடியில் பிள்ளையும் மனத்தில் கவலையுமாக வந்திருக்கும் தாய்மார்களே! நாளை வகுப்பறைகளை ஆளப்போகும் ஆசிரிய மாணவர்களே! கதவோரம் நின்று, ‘போகலாமா, இருக்கலாமா’ என்று கண்ணாலேயே பேசிக்கொள்ளும் தந்தைமார்களே! ஊரார் வீட்டுக் கதவுகளைத் தட்டித் தட்டியே கால் தேய்ந்த ஒருத்தியின் வணக்கம்.

குடும்பம், கல்வி, ஆய்வுமுறை என்று தலைப்புத் தந்திருக்கிறார்கள். மூன்றும் மூன்று கடல். என்னிடம் இருப்பதோ களைத்த தொண்டை. ஆகவே ஒரே ஒரு வீட்டின் கதையைச் சொல்கிறேன். அந்த வீட்டாரின் இசைவோடுதான் சொல்கிறேன்.

குடும்பம் என்றால் என்ன? அன்பின் கூடு என்கிறோம். கூடுதான், மறுக்கவில்லை. அந்தக் கூட்டில் சமைப்பது யார்? சுமப்பது யார்? சொல்லாமல் சகிப்பது யார்? இதை எங்கள் துறையில் ‘வேலைப் பகிர்வு’ என்போம். பேர் என்னவோ பெரிதாகத்தான் இருக்கிறது... என்னம்மா, சிரிக்கிறீர்கள்? பக்கத்தில் இருப்பவர் கணவரா? அப்படியானால் மெதுவாகவே சிரியுங்கள்.

பிள்ளைகள் ஏன் பள்ளியைவிட்டு நழுவுகிறார்கள் என்று ஆராயப் போயிருந்தேன். அந்த வீட்டில் அப்பா பேருந்து ஓட்டுநர். அம்மாவுக்கு மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் வேலை. மூத்த மகளை ‘மைனா’ என்பார்கள். அவளுக்குக் கீழே இரண்டு கைக்குழந்தைகள், இரட்டையர்.

வகுப்பாசிரியரைக் கேட்டேன். “ஆர்வமில்லாத பிள்ளைங்க. பாதி நாள் வர்றதே இல்ல. இந்த மாசத்தோட பேரை எடுத்துடப் போறோம்” என்றார். அப்பாவைக் கேட்டேன். “அவளுக்குப் படிப்பு ஏறலைங்க” என்றார். அவளையே கேட்டேன். தரையைப் பார்த்தபடி, “எனக்குப் பிடிக்கலை. அப்படியே எழுதிக்கோங்க” என்றாள்.

மூன்று வாய், ஒரே விடை! நேர்காணல் செய்பவருக்கு இதைவிட இன்பம் உண்டா? முடித்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். கிளம்பிய வேகத்தில் குடையை அங்கேயே மறந்துவிட்டேன்.

மறுநாள் காலை குடையை எடுக்கப் போனேன். கதவு திறந்தே இருந்தது. இடுப்பில் ஒரு குழந்தை, தோளில் ஒரு குழந்தை, அடுப்பில் பால், மாவு டப்பாவில் சாய்த்துவைத்த அறிவியல் புத்தகம். நடந்துகொண்டே வாய்விட்டுப் படித்துக்கொண்டிருந்தாள், படிப்புப் பிடிக்காத அந்தப் பெண்!

என்னைக் கண்டதும் முகம் வெளுத்துவிட்டது. “அப்பாகிட்ட சொல்லிடாதீங்கக்கா!”

நடந்தது இதுதான். காலையில் குழந்தைகளைப் பார்த்துக்கொண்டிருந்த சித்திக்கு வேறு வேலை கிடைத்துவிட்டது. அது தெரிந்தால் அப்பா, “நீ வேலையை விட்டுடு” என்று அம்மாவிடம் சொல்லிவிடுவார். அதனால் தாயும் மகளும் மறைத்தார்கள். தாயின் வேலை தங்க வேண்டுமென்று, தான் மக்கு என்ற பேரைத் தலையில் ஏற்றுக்கொண்டாள் மகள்.

“பேரை எடுக்கப் போறாங்கன்னு அம்மாவுக்குத் தெரியுமா?” என்றேன். தெரியாது. குழந்தைகளைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு இரண்டாவது பாடவேளைக்குப் போய்விடுவதாக அம்மாவிடம் ஒரு பொய். என்னிடம் சொன்னதை நான் வெளியே சொல்லக்கூடாது. அது எங்கள் ஆய்வின் அறம். “நான் சொல்லமாட்டேன். ஆனா நீ சொல்லு” என்றேன். வேறென்ன சொல்ல? அறத்தைக் காப்பதும் சில நேரம் அயர்ச்சிதான் ஐயா.

அம்மா வரும்வரை அங்கேயே இருந்தேன். வேலை முடிந்து அவர் வந்தார். மகள் அவர் முகத்தைப் பார்த்தாள். உடைந்துவிட்டாள். எல்லாவற்றையும் சொல்லி அழுதாள். “லேட்டா போறேன்னுதானேடி சொன்னே?” என்றார் அம்மா. ஒரு குழந்தையை எடுத்துக்கொண்டு, சோப்பு வாசம் போகாத அதே உடையோடு, நேரே பேருந்துப் பணிமனைக்கு நடந்தார். “நீங்களும் வாங்க” என்று என்னையும் அழைத்தார்.

ஓட்டுநர்கள் கூடியிருந்த இடத்தில் கணவர் முன்னால் போய் நின்றார். மறைத்ததை மறைக்காமல் சொன்னார். பிறகு சொன்னார், சபையோரே, கேளுங்கள்: “நான் வேலையை விடமாட்டேன். அவ பள்ளிக்கூடத்தை விடமாட்டா. மிச்சம் இருக்கிறது நீங்கதான்.”

“இதை இத்தனை பேர் முன்னாடியா சொல்லணும்?” என்றார் அவர்.

“வீட்ல சொன்னா தூங்கிடுறீங்களே!”

யாரோ சிரித்துவிட்டார்கள். அவர் சிரிக்கவில்லை. “அப்போ அவ மக்கு இல்லையா?” என்று மெல்லக் கேட்டார். பிறகு கை நீட்டிக் குழந்தையை வாங்கிக்கொண்டார்.

கைதட்டாதீர்கள், கதை அத்தனை இனிப்பில்லை. காலையில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளப் பிற்பகல் வேலைமுறைக்கு மாறியதில் அவருக்குப் பிடித்த வழித்தடம் போயிற்று, மாதக்கணக்கில் முணுமுணுத்தார். மைனாவின் பேர் நிலைத்தது, ஆனால் வருகை போதாமல் அதே வகுப்பில் மறுபடி உட்கார்ந்தாள். தோழிகள் மேலே போக, சின்னப் பிள்ளைகளோடு சேர்ந்து படித்தாள். படித்து முடித்தாள்.

நாளைய ஆசிரியர்களே! வராத பிள்ளையை ‘ஆர்வமில்லை’ என்று எழுத ஒரு நொடி போதும். அந்த ஒரு நொடியில் ஒரு வீட்டையே பார்க்காமல் விடுகிறோமே, நியாயமா? கேட்பது பாதி, காண்பதே மீதி! பிள்ளையின் மதிப்பெண்ணை அளக்குமுன் அவள் சுமையை அளந்தீர்களா? அவள் வாய் சொன்னதைக் குறித்தீர்கள். ஏன் அப்படிச் சொன்னாள் என்று கேட்டீர்களா? கேளுங்கள்! களைத்தாலும் கேளுங்கள்! கதவு சாத்தப்பட்டாலும் மறுநாள் போய்க் கேளுங்கள்!

பொறுமையோடு செவிகொடுத்த பெரியோர்க்கும், போகாமல் நின்ற தந்தையர்க்கும், அழுத குழந்தையைத் தட்டிக்கொண்டே கேட்ட அன்னையர்க்கும் என் நன்றி. எனக்கும் அலுப்புத்தான். ஆனாலும் நாளைக் காலை இன்னொரு வீட்டுக் கதவைத் தட்டவேண்டும். வருகிறேன், வணக்கம்.