வேண்டுமென்றே ஒரு தப்பு விடை

இல்லை. அக்கா பொதுத்தேர்வை எதிர்த்தவர் இல்லை.

இந்த இரங்கல் கூட்டத்தில் எனக்கு முன் பேசியவர் எதிர்த்தார் என்று சொன்னார், நீங்களும் தலையாட்டினீர்கள். மறுக்கும் அவசரத்தில் வணக்கம் சொல்ல விட்டுப்போயிற்று. மேடையில் இருக்கும் தலைமையாசிரியருக்கும், அக்காவின் கணவருக்கும், சக ஆசிரியர்களுக்கும், பின்வரிசையில் அழுதுகொண்டிருக்கும் பிள்ளைகளுக்கும் வணக்கம்.

எல்லாப் பள்ளிக்கும் ஒரே வினாத்தாள், கட்டாயம் எழுத வேண்டும் என்று உத்தரவு வந்தபோது ஆசிரியர் அறையில் கொதித்தவள் நான். "எல்லாக் காலுக்கும் ஒரே செருப்பா, அக்கா?" என்றேன்.

எங்கள் கணக்கு ஆசிரியையான அக்கா சிரித்தார். "கடிச்சாத்தானே எந்தக் கால்ல புண்ணுன்னு தெரியும்? இல்லன்னா நமக்குப் பிடிச்ச பிள்ளைங்களையே பாத்துக்கிட்டு இருப்போம்."

யாருக்கு இப்படிப் பேச வரும்? எனக்கு வராது. முதல் பொறாமை அன்றைக்கு.

தேர்வு முடிவு வரும். என் வகுப்பு முதலிடம். அவர் வகுப்பு எங்கோ நடுவில். வெள்ளிக்கிழமை கடைசிப் பிரிவேளை, ஓய்வுப் பிரிவேளை. மைதானம் காலி. கூட்டம் எங்கே? அக்காவின் மேசையில்! தப்பு விடை போட்ட பிள்ளைகளை, எந்த வகுப்பானாலும், ஒவ்வொருவராக அழைப்பார். திட்ட மாட்டார். "இதை எப்படி யோசிச்ச? சொல்லு, கேக்குறேன்." அவ்வளவுதான். தேர்வில் ஒரு வட்டத்தைக் கறுப்பாக்கிவிட்டு வந்த பிள்ளை, அங்கே வாய் ஓயாமல் பேசும்.

இந்த வருடம் என் வகுப்புக் கெட்டிக்காரி ஒரு சின்னக் கழித்தலைக் கோட்டைவிட்டாள்.

"ஏண்டி, தூங்கிட்டே போட்டியா?"

"தெரிஞ்சேதான் போட்டேன் மிஸ். தப்பு போட்டாத்தான் கணக்கு டீச்சர் கூப்பிடுவாங்க."

நூற்றுக்கு நூறு வாங்க நான் தயார் செய்த பெண். அவளுக்கு அந்த மேசை வேண்டியிருந்தது! நேரே அக்காவிடம் போனேன். "உங்க புண்ணியத்துல ஒரு மார்க்கு போச்சு."

அக்கா இம்முறை சிரிக்கவில்லை. "தப்பு என்னோடது, தங்கச்சி. சரியா போட்டவங்களை நான் கேக்கவே இல்ல பாரேன். அடுத்த தடவை அவங்களையும் கூப்பிடணும்."

அடுத்த தடவைவரை காத்திருக்க மாரடைப்புக்குப் பொறுமை இல்லை.

தன் தப்பையும் ஒரு விடைபோல எடுத்துப் பார்த்தவர்! அதற்கும் பொறாமைப்படுகிறேன். போனவர் மேல் பொறாமைப்படலாமா? கூடாதுதான். அந்தப் பின்வரிசையைப் பாருங்கள். எனக்காக யார் இப்படி அழுவார்கள்?

தேர்வால் பிள்ளைகளுக்கு நன்மை உண்டா என்கிறார்கள். முடிவு வந்த பிறகு ஒருவர் உட்கார்ந்து கேட்டால் உண்டு. கண்ணால் பார்த்தேன். வயிறெரியப் பார்த்தேன்.

அந்த வெள்ளிக்கிழமை நேரம் இனி அடுத்த தேர்வுக்கான பயிற்சிக்கு என்று தலைமையாசிரியர் சற்றுமுன் அறிவித்தார். ஐயா, மன்னிக்க வேண்டும். அதையும் எடுத்துவிட்டால் அக்காவிடமிருந்து நமக்கு என்ன மிஞ்சும்? அவர் அளவுக்கு எனக்கு வராது. பிள்ளைகள் என்னிடம் வருவார்களா என்றும் தெரியாது. ஆனாலும் உட்காருவேன். கேட்பேன்.

பேசி முடித்த ஆசிரியை தன் இருக்கைக்குத் திரும்பவில்லை. தலைமையாசிரியரிடம் போய், வெள்ளிக்கிழமை கடைசிப் பிரிவேளையைத் தனக்கு ஒதுக்கச் சொல்லி, அவர் சரி என்னும்வரை அங்கேயே நின்றார்.