கம்பியறுந்த மணிகள்

இரவு ஒன்பது மணி. ஆள் நடமாட்டமற்ற சாலை... இருபுறமும் உயர்ந்த மதில். நம் தபால்காரருடைய மைத்துனர், உறங்கும் மகளைத் தோளில் போட்டுக்கொண்டு அந்தச் சாலையில் தலைதெறிக்க ஓடினார். ஏன் ஓடினார்? நெருங்கி உட்காருங்கள், சொல்கிறேன்.

சாலையின் கோடியில், வெள்ளைத் தூண்கள் அணிவகுத்த பழைய அரண்மனை. இப்போது அது பொதுமக்கள் பண்பாட்டு மையம்; நடன மண்டபத்தில் பிள்ளைகள் ஓவியம் பழகுகிறார்கள். பெயர்ப்பலகையை மாற்றிவிட்டால் வீட்டின் புத்தி மாறிவிடுமா? வேலைக்காரர்களைப் புழுவாய் நடத்திய வீடு அது!

மைத்துனருக்கு அங்கே காவல் வேலையில் முதல் நாள். மனைவிக்கு மருத்துவமனையில் இரவுப் பணி; ஆகவே மகளையும் உடன் அழைத்து வந்திருந்தார். பழைய காவலாளி, காவலறைச் சுவரில் வரிசையாகத் தொங்கிய பித்தளை மணிகளைக் காட்டினார். மாடியின் ஒவ்வோர் அறைக்கும் ஒன்று; மேலே எசமானர் கம்பியை இழுத்தால், கீழே மணி அடித்து வேலைக்காரரைக் கூப்பிடும்.

“இது அடிக்கும் தம்பி. அடிச்சுட்டுப் போகட்டும். வாயை மட்டும் திறந்துடாதீங்க.”

“கம்பியெல்லாம் அறுந்து கிடக்கே அண்ணே, எப்படி அடிக்கும்?”

“அதை மணிகிட்டேயே கேளுங்க. எனக்குப் பஸ்ஸுக்கு நேரமாச்சு.”

மைத்துனரோ பாதி வாழ்நாளை ஓட்டல் அறைப் பணியாளராகக் கழித்தவர். மணி ஒலித்தால், அவருடைய மூளைக்கு முன்னே வாய் ஓடும்.

கிணிங்...

“இதோ வந்துட்டேங்க!”

சொல்லிவிட்டார். பிறகு நாக்கைக் கடித்து என்ன பயன்? மாடியில் ஒரு கதவு திறந்தது. அணைந்த மெழுகுத்திரியின் நாற்றம் படியிறங்கி வந்தது. பின்னாலேயே... தொப்... தொப்... எதையோ மேலிருந்து வீசியெறிந்தார்கள். அது உருண்டு வந்து காவலறை வாசலில் நின்றது. ஓர் ஆணின் தோல் காலணி. அடுத்து, அதன் இணை. துடைத்துப் பாலிஷ் போட வேலைக்காரனிடம் எறிவதுபோல எறிந்திருந்தார்கள்; சேறு சொட்டியது. தொட்டுப் பார்த்தார். உள்ளே வெதுவெதுப்பு... இப்போதுதான் கழற்றியதுபோல.

மணிகள் அத்தனையும் ஒருசேர அலறின. மகளை வாரியெடுத்தார், ஓடினார்.

வீட்டுக்கு வந்து கதவைத் தாழிட்டு, இருட்டில் மகளருகே படுத்தார். வேலை போனால் போகட்டும்; பிள்ளை தப்பினாளே, அது போதும்.

அந்த வீட்டில் மணியே கிடையாது. ஆயினும்...

கிணிங்.

மைத்துனர் இரு கைகளாலும் தம் வாயை இறுகப் பொத்திக்கொண்டார். இம்முறை மூச்சுக்கூட விடவில்லை.

அருகில், மூடிய கண்ணைத் திறவாமலே மகள் சொன்னாள்: “இதோ வந்துட்டேங்க!”

விளக்கைப் போட்டார். அவளுடைய பிஞ்சு உள்ளங்கைகள் இரண்டிலும்... இன்னும் காயாத கறுப்புக் காலணிப் பாலிஷ்.